சத்தியபாய் முட்டை கழுவிய கதை

சத்தியபாய் மாமியின் வீட்டுக்குள் போக வேண்டுமானால் வாசல் குழாயில் கால் கழுவ வேண்டும், கை கழுவ வேண்டும், கழுவியதை மாமி பார்த்தாரா என்றும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். வீட்டு ஜெபத்துக்கு வந்த போதகர் ஒரு தடவை காலை லேசாக நனைத்துவிட்டு உள்ளே ஏறப் பார்த்தார். "ஐயா, குதிகாலு காஞ்சு கிடக்கு" என்றார் மாமி. போதகர் திரும்பிப் போய்க் குதிகாலையும் நனைத்துவிட்டு வந்து, கர்த்தர் சீஷர்களின் கால்களைக் கழுவிய வேதபாகத்தை வாசித்தார். மாமி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பாறசாலைக்கும் பளுகலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ரேஷன் கார்டு கேரளத்தில், பாதிச் சொந்தம் தமிழ்நாட்டில். சண்டையை எந்த பாஷையில் போடுவது என்று யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. எது கனமாக விழுமோ அதில் போடுவோம். மாமி முப்பத்தோரு வருஷம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளராக இருந்தவர். கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் ஆவியில் வேகவைத்து அடுக்குவது அவர் வேலை. "டாக்டர்மாரு வெட்டினாவ. ஆளு சாவாம வீட்டுக்குப் போனது என்னால ஆக்கும்" என்பார். இதை எந்த டாக்டரும் மறுத்ததாகத் தெரியவில்லை.

சபையில் திருவிருந்துக்கு எல்லோரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைப்பதை எதிர்த்து அவர் கமிட்டிக்கு எட்டு வருஷமாகக் கடிதம் எழுதினார். கர்த்தருடைய கிண்ணத்தில் கிருமி இருக்குமா என்று மூப்பர்கள் கேட்டார்கள். "கர்த்தருக்க கிண்ணத்துல இல்ல, உங்களுக்க மீசையில உண்டு" என்று மாமி பதில் எழுதினார். கொரோனா வந்தது. கட்டைவிரல் அளவில் குட்டிக் கோப்பைகள் வந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமி பீடத்திலிருந்து திரும்பி நடந்துவந்த நடையை நான் பார்த்தேன். அப்படியொரு நடையை அதற்கு முன் கல்யாணப் பெண்களிடம் மட்டுமே கண்டிருக்கிறேன்.

மாமியின் வீட்டுக்காரர் ராஜய்யன், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வேலையில் இருந்த காலமெல்லாம் "உள்ள கேறு, உள்ள கேறு" என்று கத்திவிட்டதால் இனிமேல் பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லை என்பதுபோல இருப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு மாமிக்கு வேகவைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதுதான் பஞ்சாயத்துத் திட்டத்தில் கூடும் கோழியும் கொடுத்தார்கள். கம்பிக்கூட்டில் நாற்பது செம்பழுப்புக் கோழிகள். முட்டை உருண்டு முன்பக்கத் தகட்டில் வந்து நிற்கும். ஊரில் இன்னும் பல பேர் வாங்கினார்கள். ஆனால் முட்டையைக் கழுவி விற்றது மாமி மட்டும்தான்.

காலை பத்து மணிக்குச் சூடு ஆறாத முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வருவார். ஒரு நீலப் பேசினில் கிணற்று நீர், அதில் ஒரு ஸ்பூன் சோப்புத் தூள். முட்டைகள் எல்லாம் ஒன்றாக அதில் முங்கிக் கிடக்கும். அரை மணி நேரம் ஊறியபின் ஸ்பாஞ்சால் தேய்த்து, துடைத்து, வெள்ளைத் துண்டில் வரிசையாகக் காயவைப்பார். எச்சம், இறகு, கறை எதுவும் இருக்காது. கண்ணாடி போல மின்னும். கர்ப்பிணிப் பெண்களுக்கும் கேக் சுடுகிறவர்களுக்கும் மாமியின் முட்டைதான் வேண்டும். ஜிம்முக்குப் போகும் பையன்கள் அதை உடைத்து அப்படியே வாயில் ஊற்றுவார்கள். நான் ஆறு வருஷம் அந்த முட்டையில் மஞ்சள்கரு ஆட ஆடப் புல்ஸ்ஐ போட்டுத் தின்றவன். ஆகவே இந்தக் கதையில் எனக்கும் கொஞ்சம் வயிற்றுச் சம்பந்தம் உண்டு.

மதிலுக்கு அந்தப் பக்கம் பொன்னப்பன். மோட்டார் ரிப்பேர் செய்கிறவர், தனிக்கட்டை. அவருக்கு இருந்த பதினைந்து கோழிகளும் சக்கரம் கழன்ற பழைய ஆட்டோரிக்ஷா ஒன்றில் குடியிருந்தன. டிரைவர் சீட்டில் சேவல், பின் சீட்டில் பெட்டைகள். முட்டையைப் பின் சீட்டிலிருந்து எடுத்து, அதில் ஒட்டியிருப்பது என்னவென்று பார்க்காமல், பழைய பேப்பரில் சுற்றிக் கொடுப்பார். யாராவது முகம் சுளித்தால், "தோடையா தின்னப் போறீரு? உள்ள உள்ளத தின்னும் வோய்" என்பார். மாமிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை மதில் வழியாக மட்டும். அதுவும் பெரும்பாலும் பேச்சாக இருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் நந்தனா வந்தாள். கோட்டுகால் ஊர்க்காரி, கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு மேற்படிப்பு. வீடுகளில் வளர்க்கும் முட்டைக்கோழிகளிலும் அவற்றின் முட்டைகளிலும் சால்மோனெல்லா என்ற கிருமி எவ்வளவு இருக்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. எங்கள் பக்கத்தில் நாற்பது வீடுகள் தேர்ந்தெடுத்திருந்தாள். ஸ்கூட்டரில் ஒரு ஐஸ் பெட்டி, ஒரு கட்டு பஞ்சுக்குச்சி, கொஞ்சம் பயம். மாமி வீட்டு வாசலில் அவள் சொல்லாமலே கை கழுவினாள், முழங்கை வரைக்கும். மாமிக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

"எடுத்துக்கோ மக்களே. எங்கெங்க எடுக்கணுமோ எடு. ரிசல்ட்டு வந்தா எனக்கொரு காப்பி வேணும். சபை நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்."

"பேரு ஒண்ணும் வெளிய வராது ஆன்டி. வீட்டுக்கு நம்பர் மட்டும்தான்."

"எனக்க பேரு வரட்டும். கொழப்பமில்ல."

நந்தனா ஒரு கோழியைக் கவிழ்த்துப் பிடித்தாள். குச்சியை எடுக்கத் திரும்பிய நேரத்தில் மாமி டெட்டால் நனைத்த துணியால் கோழியின் பின்புறத்தை நன்றாகத் துடைத்து வைத்துவிட்டார்.

"ஐயோ ஆன்டி! தொடைக்கப்பிடாது. அழுக்குலதான் எனக்கு வேலையே."

"ஒரு ஆளு பாக்க வரும்போ அப்பிடியே நிறுத்தவா சொல்லுத?"

அந்தக் கோழியைக் கீழே விட்டு வேறு கோழி எடுத்தார்கள். நந்தனா வால் இறகை விலக்கி, குச்சியை உள்ளே விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள். கோழி சொன்னது இங்கே எழுதக்கூடியதல்ல. மதிலுக்கு மேலே பொன்னப்பனின் தலை தெரிந்தது.

"பிள்ளே, கொரோனாவுக்கு மூக்குல குத்தினாவ. கோழிக்கு அங்கயாக்கும் குத்தியது?"

"மூக்குல குத்தினா இது கிடைக்காது மாமா. அடுத்தது உங்க வீடாக்கும்."

"எனக்கா, கோழிக்கா?" என்றது தலை.

எட்டுக் கோழிகளிடம் குச்சி, கூட்டுக்கு அடியில் கிடந்த எச்சம், தீவனம், குடிக்கிற தண்ணீர், பத்து முட்டைகள். கடைசியில் பேசினில் இருந்த கழுவிய தண்ணீரிலும் ஒரு குப்பி எடுத்தாள். "அது எதுக்கு? அது கழுவுன வெள்ளமில்லா" என்று மாமி கேட்டார். "சும்மா இருக்கட்டும் ஆன்டி" என்றாள் நந்தனா.

நான்கு மாதம் கழித்து, எங்கள் சபையின் ஞாயிற்றுப்பள்ளி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கோழி வளர்க்கிறவர்கள், வார்டு மெம்பர், போதகர், சும்மா வந்தவர்கள் என்று அறுபது பேர் இருந்தோம். மாமி முதல் வரிசையில், பாலராமபுரம் சேலையில். நந்தனா புரொஜக்டரில் படம் போட்டு விளக்கினாள். இந்தக் கிருமி இருக்கிற கோழிக்கு ஒரு சீக்கும் தெரியாது, நன்றாகத் தின்னும், நன்றாக முட்டையிடும். மனுஷனுக்குப் போனால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி. சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் படுக்கவைத்துவிடும்.

பின் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "இதுக்கு எதுக்கு சாலொமோன் ராஜாவுக்க பேர வெச்சாவ? அவரு ஞானியாக்கும்."

"சாலொமோன் இல்ல தாத்தா. சால்மன்னு அமெரிக்காவுல ஒரு மிருக டாக்டரு. அவருக்க பேரு."

"எழுநூறு பெண்டாட்டி கெட்டினவருக்கு வயித்துப்போக்கு வந்திருந்தா நியாயமுண்டு" என்று பக்கத்தில் ஒருவர் சொல்ல, போதகர் இருமினார்.

அடுத்த படத்தில் ஒரு அட்டவணை வந்தது. வீடு ஒன்று, வீடு இரண்டு என்று நாற்பது வரைக்கும். பெரும்பாலும் பச்சைக் கட்டங்கள். ஐந்து வீடுகளில் ஏதோ ஒரு இடத்தில் சிவப்பு. இருபத்து மூன்றாம் வீட்டில் மட்டும் மூன்று இடத்தில் சிவப்பு: கோழிகளில் இரண்டு, முட்டைகளின் உட்புறம், பேசின் தண்ணீர்.

மாமி சத்தமாகவே பெருமூச்சு விட்டார். "எந்த அறுவாணியோ. வீட்ட வெச்சிருக்கிய லெட்சணம்."

நந்தனா அவசர அவசரமாக அடுத்த படத்துக்குப் போனாள். அது அவள் செய்த தவறு. அதில் ஒவ்வொரு வீட்டின் பழக்கங்களையும் எண்ணிப் போட்டிருந்தாள். கோழியைக் கூட்டில் வளர்ப்பவர்கள் இருபத்தாறு வீடு. தீவனத்தை மூடி வைப்பவர்கள் பதினெட்டு. முட்டையைத் தண்ணீரில் கழுவுபவர்கள்: ஒரு வீடு.

அறுபது தலைகளும் ஒரே நேரத்தில் முதல் வரிசைப் பக்கம் திரும்பின. எங்கள் சபையில் பிரசங்கத்துக்குக்கூட அத்தனை தலைகள் ஒரே திசையில் திரும்பியதில்லை.

"இருவத்தி நாலு பச்சையாக்கும்" என்று பொன்னப்பன் மெதுவாகச் சொன்னார். "அடுத்த வீடு நானில்லியா?"

மாமி எழுந்தார். சேலை மடிப்பைச் சரிசெய்தார். "உனக்க மெஷினு கழுவாததா இருக்கும்" என்று நந்தனாவிடம் சொல்லிவிட்டு, நேராக வாசல் வழியாக வெளியே போனார். ராஜய்யன் பின்னால் போனார், இரண்டு பேருடைய குடையையும் எடுத்துக்கொண்டு.

அந்த வாரத்துக்குள் மாமிக்குப் பெயர் வந்துவிட்டது: சாலொமோன் ராணி. பிள்ளைகளிடம் ஆரம்பித்து, டீக்கடை வழியாகப் பெரியவர்களிடம் வந்தது. வெள்ளப்பெருக்கு வந்த வருஷத்திலிருந்து ஊரில் யாருக்கெல்லாம் வயிறு இளகியதோ அத்தனை பேருக்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. கல்யாண வீட்டில் நாலு ரவுண்டு பிரியாணி தின்றவரும், கூடவே வேறு எதையோ குடித்தவரும், மாமியின் முட்டையைத்தான் சொன்னார்கள். நானும் சொன்னேன். எனக்கு வந்தது பலாப்பழத்தால் என்று எனக்கே தெரியும்.

பிறகு அறுப்புப் பண்டிகை வந்தது. வாழைக்குலை, மரச்சீனி, தேங்காய், கோழி என்று ஆளாளுக்குக் காணிக்கை கொண்டுவர, ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். ஜாதி மத பேதமில்லாமல் ஊரே வந்து நிற்கிற நாள் அது. ஒவ்வொரு வருஷமும் மாமியின் முட்டைத் தட்டுக்கு அடிதடி நடக்கும். இந்தத் தடவையும் மாமி ஒரு தட்டு கொண்டுவந்தார், கழுவித் துடைத்து, மேலே ஒரு செம்பருத்திப் பூவும் வைத்து. ஏலம் விடுகிறவர் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"சத்தியபாய் மாமிக்க முட்டை, ஒரு தரம்!"

யாரும் விலை கேட்கவில்லை. ஒரு குழந்தை "ராணி" என்றது, அதன் தாய் வாயைப் பொத்தினாள். ஏலக்காரர் தட்டைக் கீழே வைக்கலாமா என்று போதகரைப் பார்த்தார். போதகர் வானத்தைப் பார்த்தார். வானத்திலும் யாரும் கேட்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து பஸ்ஸே நடுங்கும் ஒரு குரல் வந்தது. "எனக்கு வேணும்!"

ராஜய்யன்தான். ஓய்வு பெற்றபின் அவர் அந்தக் குரலை வெளியே எடுத்ததை யாரும் கேட்டதில்லை. சொந்தப் பெண்டாட்டியின் முட்டையைச் சபை நடுவில் ஏலத்தில் எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிரித்தவர்கள் நடுவே நடந்து போனார். மாமி அவருக்குப் பக்கத்தில் நடந்தார். "அந்தப் பூவ கீழ போடாதீங்க" என்று மட்டும் சொன்னதைக் கேட்டேன்.

சிரிப்பையெல்லாம் மாமி தாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அதைவிட மோசமான ஆட்களைப் பார்த்தவர். அவரை உட்காரவைத்தது லிஜா.

லிஜா எங்கள் தெரு முனையில் தையல் கடை வைத்திருப்பவள். போன வருஷம் அவளுடைய மூன்று வயது மகளுக்குப் பத்து நாள் விடாத காய்ச்சல், இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு. நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனாலும் பாதியாகித்தான் வீட்டுக்கு வந்தது. ஒரு நாள் மத்தியானம் லிஜா மாமி வீட்டுக்கு வந்தாள். கால் கழுவினாள், கை கழுவினாள், வாசலிலேயே நின்றாள். நான் அப்போது ராஜய்யனோடு பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமி, நான் சண்டைக்கு வரல்ல. அவளுக்கு தெனமும் காலத்த அரை வேக்காட்டுல ஒரு முட்டை குடுப்பேன். நல்ல முட்டை வேணுமுன்னு உங்ககிட்டதான் வாங்குவேன். அது... உங்க முட்டையால வந்ததா மாமி?"

மாமி லிஜாவின் நனைந்த குதிகாலைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது மோளே" என்றார்.

லிஜா தலையாட்டிவிட்டுப் போனாள். மாமி உள்ளே போய் போனை எடுத்து நந்தனாவுக்கு அடித்தார். கூட்டத்துக்குப் பிறகு மன்னிப்புக் கேட்டு அந்தப் பெண் பதினேழு தடவை கூப்பிட்டும் எடுக்காத போன் அது.

"பிள்ளே, நேரா ஒரு காரியம் கேக்கியேன். லிஜாவுக்க கொச்சுக்கு வந்தது எனக்க முட்டையாலயா?"

"அது இப்ப கண்டுபிடிக்க ஒக்காது ஆன்டி. அன்னைக்கு கொச்சுக்க மலத்துலயும் முட்டையிலயும் சேத்துப் பாத்திருந்தா சொல்லலாம். இப்ப ஆமான்னும் சொல்ல ஒக்காது, இல்லன்னும் ஒக்காது."

"எனக்க கோழிக்கு எங்கேருந்து வந்தது?"

"குஞ்சு பொரிச்ச எடத்துலேருந்து வந்திருக்கலாம். எலி, பல்லி, தீவனம்... உறப்பா தெரியாது."

"இதும் தெரியாது, அதும் தெரியாது. பின்ன என்ன மயிருக்குடி நீ படிச்ச?"

"ஒண்ணு மட்டும் தெரியும் ஆன்டி" என்றாள் நந்தனா. "முட்டைத் தோட்டுல கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்குல ஓட்டை உண்டு. அதுக்கு மேல கோழி ஒரு மெல்லிய பூச்சு பூசித்தான் வெளிய விடும். ஆன்டி சோப்புப் போட்டு அத உரிச்சிடுறீங்க. பின்ன சூடுள்ள முட்டைய பச்சவெள்ளத்துல போடும்போ, உள்ள உள்ளது சுருங்கி வெளிய உள்ள வெள்ளத்த வலிச்சு இழுக்கும். ரெண்டு கோழிக்க அழுக்கு, ஒரு பேசினு வெள்ளம், முப்பத்தஞ்சு முட்டை. கழுவியதே தப்புன்னு சொல்லல்ல. சில நாட்டுல சூடுவெள்ளத்துல, மருந்து போட்டு, ஓடவிட்டுக் கழுவி, ஒடனே ஃப்ரிட்ஜுல வெப்பாவ. நம்ம கழுவிய முறைதான் தப்பு."

"தோடு வழியா வெள்ளம் கேறுமா? கல்லு மாதிரி இருக்கிய தோடு?" என்றார் மாமி. "எனக்குக் காணணும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு மாமி பேசினில் கிணற்று நீரை எடுத்து, சோப்புத் தூளோடு துணிக்குப் போடும் நீலத்தைக் கொட்டினார். கொஞ்சமல்ல, குப்பியில் பாதி. கூட்டிலிருந்து அப்போது விழுந்த ஆறு முட்டைகளைச் சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து அதில் போட்டார். அரை மணி நேரம் கழித்து எடுத்தார். ஸ்பாஞ்சால் தேய்த்தார், துடைத்தார், வெள்ளைத் துண்டில் வைத்துக் காயவிட்டார். வழக்கம்போல. பிறகு ஒவ்வொன்றாக உடைத்து, கருவையும் வெள்ளையையும் ஒரு கிண்ணத்தில் விட்டு, தோட்டை உள்பக்கமாகத் திருப்பி வெயிலில் பிடித்தார்.

முதல் தோட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், உட்புறத்து வெள்ளைத் தோலில், பேனா முனையால் தொட்டதுபோல நான்கைந்து நீலப் புள்ளிகள். மூன்றாவதில் ஒரு பக்கம் முழுக்கப் புள்ளிகள். ஐந்தாவதில் வெள்ளைக்கருவிலேயே ஒரு நூல் அளவுக்கு நீலம்.

மாமி கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். ராஜய்யன் வந்து பார்த்தார். பொன்னப்பனின் தலை மதிலுக்கு மேலே வந்தது, தோடுகளைப் பார்த்தது, மாமியின் முகத்தைப் பார்த்தது, இறங்கிப் போனது. இதையெல்லாம் ராஜய்யன் பிறகு என்னிடம் சொன்னார்.

"ஆறு வருசம்" என்றாராம் மாமி. "நானே ஊத்திக் குடுத்திருக்கேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. அந்த நேரத்தில் வழக்கமாக யாருக்காவது சிறுநீரகக் கல் கரைந்திருக்கும், இல்லையென்றால் மகனுக்கு விசா கிடைத்திருக்கும். மாமி எழுந்து போய் மைக்கைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பிடித்தார்.

"எனக்கு சாட்சி ஒண்ணு உண்டு. எனக்க கோழிக்க குண்டியில சால்மோனெல்லா உண்டு."

பாடகர் குழுவில் யாரோ 'ஸ்தோத்திரம்' என்று சொல்லிவிட்டார்கள், பழக்கத்தில்.

"சிரிக்கணுமுன்னா பின்ன சிரிச்சுக்கோங்க. வீட்டுல யாரும் முட்டைய வெள்ளத்துல முக்காதீங்க. அழுக்கு இருந்தா காஞ்ச துணியால தொடையுங்க. கீறல் விழுந்தத தூரப் போடுங்க. சில கோழிக்கு உள்ளயே கிருமி கேறி, முட்டைக்கு உள்ளயே வந்துரும், அது தொடைச்சாலும் போவாது. அதுனால மஞ்சக்கரு கட்டியாவற வரைக்கும் வேவணும். அந்த ஜிம்மு பயலுவ பச்சையா குடிச்சா இனி நான் முட்டை தரமாட்டேன். முட்டையத் தொட்டா கை கழுவணும். இதுவரைக்கும் நான் உங்களுக்குத் தந்தது அழுக்காக்கும். தெரியாம தந்தேன். அதுக்கு..." இங்கே மாமி லிஜா உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார். "அதுக்கு மாப்பு கேக்கியேன்."

மைக்கை மறுபடி ஒரு தடவை துடைத்துவிட்டு இறங்கினார். போதகர் அன்றைய பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தார். அதற்கே சபை மாமிக்கு நன்றிக்கடன் பட்டது. வெளியே வந்தபோது லிஜா மகளை மாமியின் பக்கத்தில் விட்டுவிட்டுச் செருப்புத் தேடப் போனாள். கொஞ்சம் நேரமெடுத்துத் தேடினாள்.

கிருமி இருந்த கோழிகள் இரண்டையும் நந்தனா மறுபடி குச்சி விட்டுக் கண்டுபிடித்தாள். மருந்து கொடுத்தாலும் கிருமி பதுங்கிக்கொள்ளும் என்றாள். நன்றாகக் கொதித்த குழம்பில் அது செத்துப்போகுமில்லையா என்று பொன்னப்பன் மதிலிலிருந்து ஆசையோடு கேட்டார். "குழம்புல சாவும் மாமா. அறுக்கிய கையிலயும் கத்தியிலயும் பலகையிலயும் சாவாது" என்றாள் நந்தனா. மாமி ஆழமாகக் குழி வெட்டி, கொன்ற கோழிகளைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். பொன்னப்பன் அன்று முழுக்கத் துக்கம் அனுஷ்டித்தார். மாமி கோழிகளுக்குத் தண்ணீர் போகும் தொட்டியைக் காலி செய்தார். தொட்டி மூடிக்கு அடியில் பல்லி எச்சம் ஒரு அடுக்கு இருந்தது. அதை ஒரு காகிதத்தில் வழித்து எடுத்து, "பாரு, பாரு" என்று நந்தனாவின் மூக்கருகே நீட்டினார். சோதித்ததில் அதில் கிருமி இல்லை. மாமிக்கு அது பெரிய ஏமாற்றம்.

இரண்டாம் சுற்றுச் சோதனையில் மாமியின் வீடு முழுக்கப் பச்சை. பொன்னப்பன் வீடும் பச்சை. மாமி அந்தத் தாளை மூன்று தடவை வாசித்தார்.

"அந்த ஆட்டோவுக்குள்ள ஒண்ணுமே இல்லியா? சீட்டுக்கு அடியில பாத்தியா?"

"பாத்தேன் ஆன்டி. பேனு உண்டு, எலிக்குஞ்சு உண்டு, ஒரு பாம்புச் சட்டை உண்டு. சால்மோனெல்லா மட்டும் இல்ல. அவருக்கு பாக்கியம். அடுத்த தடவ வரலாம்."

"வரும்" என்றார் மாமி நம்பிக்கையோடு.

அதன்பின் ஊருக்கு நிம்மதி வந்தது என்று நினைத்தால் தப்பு. முன்பு மாமி எங்கள் குதிகாலைத்தான் பார்ப்பார். இப்போது எங்கள் சட்டிக்குள் பார்த்தார். சாயங்காலம் நடக்கப் போகிறவர் தெருவோரத் தட்டுக்கடை முன்னால் நின்று, அடுத்தவன் தட்டில் இருக்கும் புல்ஸ்ஐயைக் காட்டி, "அத திருப்பிப் போடு, மஞ்சக்கரு ஆடுது" என்பார். ஜங்ஷனில் கோழி சுட்டு விற்கும் கடைக்குள் ஏறி, மயோனைஸ் எதில் செய்தது என்று கேட்டார். பச்சை முட்டை மயோனைஸ் தடை செய்த அன்றிலிருந்து முட்டையே சேர்ப்பதில்லை என்று கடைக்காரர் வேதப்புத்தகத்தில் கை வைக்காத குறையாகச் சொன்னார். "பின்ன எதுல செய்த?" என்று அடுத்த கேள்வி வந்தது. என் வீட்டில் புல்ஸ்ஐ நின்றுபோய் இப்போது இரண்டு பக்கமும் வெந்த ஓர் அட்டை வருகிறது. என் மனைவி மாமியிடம்தான் அதைக் கற்றுக்கொண்டாள்.

முட்டை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் மாமியிடம் திரும்பி வந்தார்கள். மீதிப்பேர் பொன்னப்பனிடமே நின்றுவிட்டார்கள். ஒட்டியிருப்பது இயற்கை என்று அவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். லிஜா மறுபடி மாமியிடம் வாங்குகிறாள். வாரத்துக்கு ஏழு முட்டை. மாமி அவற்றைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்து, எத்தனை நிமிஷம் வேகவைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறார். ஒவ்வொரு வாரமும் லிஜா முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்கிறாள்.

நந்தனாவின் ஆராய்ச்சி முடிந்து அவளுக்குப் பட்டமும் கிடைத்தது. அவள் சொல்லித்தான் போன மாதம் கள்ளிக்காட்டுப் பக்கம் கோழி வளர்க்கும் பெண்களுக்கு வகுப்பெடுக்க மாமியைக் கூப்பிட்டார்கள். பேசின், நீலக் குப்பி, ஒரு டசன் முட்டை, அவற்றின் சூடு ஆறாமல் வைக்க ஒரு சுடுதண்ணீர்ப் பை எல்லாம் எடுத்துக்கொண்டு மாமியும் ராஜய்யனும் பஸ்ஸில் போனார்கள். நான் சும்மா கூடப் போனேன். எண்பது பெண்கள். மாமி முட்டையை உடைத்து நீலப் புள்ளியைக் காட்டியபோது முன் வரிசையில் ஒருத்தி "கடவுளே, நான் டாய்லெட் கழுவிய லோஷன்லயாக்கும் கழுவியது" என்று எழுந்தேவிட்டாள். அவளுக்குத் தனியாக அரை மணி நேரம் நடந்தது.

வகுப்பு முடிந்து சாப்பாடு. சோறு, சாம்பார், அவியல், விருந்தாளிக்கு மரியாதையாக முட்டைக் குழம்பு. எல்லோருக்கும் விளம்பிவிட்டு, மாமி முதலில் தொடட்டும் என்று காத்திருந்தார்கள். மாமி முட்டையை ஸ்பூனால் இரண்டாக வெட்டினார். மஞ்சள்கருவின் நடுவே, பட்டாணி அளவுக்கு, பளபளவென்று ஓர் ஈரம் இருந்தது.

சமையல்காரப் பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நல்ல ருசியா வெச்சிருக்க மக்களே. ஒக்கத்தையும் திரும்ப வாரி அடுப்புல போடு."

எண்பத்து மூன்று முட்டைகளும் இலைகளிலிருந்து அண்டாவுக்குத் திரும்பிப் போயின. நாங்கள் வெறும் சாம்பாரோடு சோற்றைப் பிசைந்துகொண்டு காத்திருந்தோம். ராஜய்யன் அவியலை முடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "வீட்டுலயும் இப்பிடித்தான்" என்றார்.